எம்.டி.-பிஎச்.டி.: சேர்வதற்கு முன்னும் சேர்ந்த பின்னும்

அமெரிக்காவில் ஒரு மருத்துவக் கல்லூரியின் எம்.டி.-பிஎச்.டி. சேர்க்கைக் குழுவில் பல வருடங்களாக இருக்கிறேன். ரத்தநோய் மருத்துவர். வாரத்தில் ஒரு நாள் நோயாளிகள், மற்ற நாட்கள் லேப். கல்யாணம், பிறந்தநாள் என்று எங்கே போனாலும் நம் பெற்றோர்கள் ஓரமாக அழைத்துப்போய்க் கேட்கும் முதல் கேள்வி, "ஃபீஸே கிடையாதாமே, நிஜமா?" இரண்டாவது, "எட்டு வருஷமா!" இரண்டுக்கும் பதில் ஆமாம்தான். ஆனால் உங்கள் பிள்ளை கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் வேறு. அவற்றை ஒரு முறை எழுதிவைத்துவிட்டால் அடுத்த விருந்தில் சாப்பாடு ஆறுவதற்குள் தப்பித்துவிடலாம் என்ற சுயநலமும் இதில் உண்டு.

அடிப்படை தெரியாதவர்களுக்கு: இங்கே எம்.டி. என்பது மருத்துவத்தின் முதல் பட்டம், இந்தியாவில் எம்.பி.பி.எஸ். இருக்கும் இடத்தில் இருப்பது. அதையும் பிஎச்.டி.யையும் ஒரே திட்டமாகப் படிக்கிறார்கள். முதலில் ஒன்றரை முதல் இரண்டு வருடம் மருத்துவ வகுப்புகள், நடுவில் நான்கு வருடம் போல ஆராய்ச்சி, அப்புறம் திரும்பி வந்து வார்டு. கிளீவ்லாந்தில், இன்று கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் என்று அழைக்கப்படும் பல்கலைக்கழகத்தில் 1956-ல் இது தொடங்கியது. 1964-ல், மருத்துவ ஆராய்ச்சிக்குப் பணம் தரும் அமெரிக்க அரசு அமைப்பான என்.ஐ.எச். மூன்று கல்லூரிகளுக்குப் பணம் கொடுத்து எம்.எஸ்.டி.பி. (மருத்துவ விஞ்ஞானிப் பயிற்சித் திட்டம்) என்ற பெயரில் இதற்கு ஒரு தேசிய வடிவம் தந்தது. இப்போது அந்தப் பணம் பெறும் கல்லூரிகள் ஐம்பதைத் தாண்டிவிட்டன. ஆனாலும் கூட்டம் சின்னதுதான். வருடத்துக்கு 22,000 பேருக்கு மேல் எம்.டி. சேரும் நாட்டில் இந்த இரட்டைப் பட்டத்தில் சேர்பவர்கள் சுமார் 700 பேர்.

ஃபீஸ் கிடையாது, மாதாமாதம் உதவித்தொகையும் வரும். எம்.டி. மட்டும் படிப்பவர்கள் கடன் வாங்கினால் அது 2 லட்சம் டாலர் அளவுக்குப் போய் நிற்கிறது. அதனால் இதை "இலவச எம்.டி." என்று கணக்குப் போடத் தோன்றும். தயவுசெய்து போடாதீர்கள். உங்களோடு சேர்ந்த எம்.டி. மாணவர் முழு மருத்துவராகச் சம்பாதிக்கத் தொடங்கும்போது நீங்கள் இன்னும் உதவித்தொகையில் இருப்பீர்கள். அந்த நான்கு வருடச் சம்பளம் மிச்சமான ஃபீஸை விழுங்கிவிடும். பணத்துக்காக வந்தவர்களை நேர்முகத்தில் கண்டுபிடிப்பது எங்களுக்குப் பெரிய வேலையும் இல்லை.

இந்தப் படிப்பில் பரீட்சைகள் யாரையும் வீழ்த்திப் பார்த்ததில்லை. சேர்கிறவர்கள் எல்லோரும் பரீட்சையில் கெட்டிக்காரர்கள். துணி தையல் போட்ட இடத்தில்தான் பிரியும். வகுப்பிலிருந்து லேபுக்குப் போகும்போது, லேபிலிருந்து வார்டுக்குத் திரும்பும்போது, பயிற்சி முடித்து மறுபடி லேப் தொடங்கும்போது. ஆளை இழப்பது இந்த மூன்று இடங்களில். கீழே எழுதுவது பெரும்பாலும் அவற்றைப் பற்றியே.

சேரலாமா என்று பார்க்க

இரண்டு கேள்விகள் போதும். நாளைக்கே பிஎச்.டி.யை ரத்து செய்து "எம்.டி. மட்டும் படி" என்றால் மனதுக்குள் என்ன வருகிறது? எம்.டி.யை ரத்து செய்து "ஆராய்ச்சி மட்டும்" என்றால்? இரண்டில் எதற்காவது "அப்பாடா" என்று வந்தால் அந்த ஒற்றைப் பட்டத்துக்கே போங்கள். அதில் ஒரு குறையும் இல்லை.

ஆராய்ச்சி செய்ய விரும்பும் மருத்துவருக்கு பிஎச்.டி. கட்டாயம் என்று யாராவது சொன்னால் மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் இருவரையும் நினைத்துக்கொள்ளுங்கள். இருவரும் எம்.டி. மட்டும் படித்தவர்கள். பிறவியிலேயே கொழுப்பு ஏறி, சிறுவயதிலேயே மாரடைப்பு வரும் குழந்தைகளைப் பார்த்தார்கள். அவர்கள் தோலிலிருந்து செல்களை எடுத்து வளர்த்தார்கள். சாதாரண செல்லுக்கு எல்.டி.எல். (ரத்தத்தில் கொழுப்பைச் சுமக்கும் துகள்) கொடுத்தால் அது தானே கொழுப்புத் தயாரிப்பதைக் குறைத்துக்கொள்கிறது. இந்தக் குழந்தைகளின் செல் குறைக்கவே இல்லை. அப்படியானால் வெளியே இருக்கும் எல்.டி.எல்.லை உள்ளே வாங்கும் கதவு இவர்களிடம் பழுது என்று போனது யோசனை. எல்.டி.எல். ஏற்பி கிடைத்தது, 1985-ல் நோபலும் கிடைத்தது. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேடின் மாத்திரை எப்படி வேலை செய்கிறது என்பதற்கான விளக்கமும் அங்கிருந்துதான். அவர்கள் ஆராய்ச்சியைக் கற்றது பட்டம் வாங்கிய பிறகு, என்.ஐ.எச்.சில். அந்தப் பாதை இன்றும் திறந்தே இருக்கிறது. ஆராய்ச்சியில் தொடர்பவர்களுக்கு வருடத்துக்கு 50,000 டாலர் வரை கல்விக்கடனை அடைக்கும் திட்டமும் என்.ஐ.எச்.சில் உண்டு.

அப்படியானால் இரட்டைப் பட்டம் எதற்கு? வாரக்கணக்கில் தடங்கலில்லாமல் ஒரே கேள்வியோடு உட்காரும் அவகாசம் இளம் வயதில் கிடைக்கிறது. பின்னால் அது எந்த விலைக்கும் கிடைக்காது. உங்களுக்கு அந்த அவகாசம் பிடிக்குமா என்று தெரிய வேண்டுமானால் கோடை விடுமுறைத் திட்டம் போதாது. குறைந்தது ஒரு வருடம் முழுநேரமாக லேபில் வேலை பாருங்கள். இப்போது சேர்பவர்களில் பலர் கல்லூரி முடித்து ஓரிரு வருடம் இப்படி வேலை செய்துவிட்டே வருகிறார்கள். பெற்றோர்களுக்கு இது "வருஷம் வீணாகிறது" என்று படும். எட்டு வருடத்தை யோசிக்காமல் தொடங்குவதுதான் வீண்.

விண்ணப்பம்

விண்ணப்பம் பெரும்பாலும் ஏம்காஸ் என்ற பொது விண்ணப்பத் தளம் வழியாகத்தான். மே மாதம் திறக்கும், ஜூனில் அனுப்பிவிடுவது நல்லது. நேர்முகங்கள் இலையுதிர் காலத்தில் தொடங்கும். மருத்துவ நுழைவுத் தேர்வான எம்கேட்டின் மதிப்பெண் 472-லிருந்து 528 வரை. இரட்டைப் பட்டத்தில் சேர்பவர்களின் சராசரி 516-ஐ ஒட்டி இருக்கிறது. 512 வாங்கியவரும் நல்ல ஆராய்ச்சியோடு வந்தால் நாங்கள் கூப்பிடுவோம். 524 வாங்கி ஆராய்ச்சி பற்றி ஒன்றும் சொல்லத் தெரியாதவர் ஏமாந்துபோவார்.

கட்டுரைகள் மூன்று. எல்லோருக்கும் பொதுவானது 5,300 எழுத்து. ஏன் இரண்டு பட்டமும் என்பதற்கு 3,000. ஆராய்ச்சி அனுபவத்துக்கு 10,000. நான் முதலில் படிப்பது இந்தக் கடைசிக் கட்டுரையை. பத்தில் ஆறு இப்படித்தான் வரும்: "வெஸ்டர்ன் பிளாட், பி.சி.ஆர்., ஃப்ளோ சைட்டோமெட்ரி ஆகியவற்றில் தேர்ச்சி பெற்றேன். இந்த அனுபவம் எனக்கு விடாமுயற்சியைக் கற்றுத்தந்தது." இதில் கேள்வி எங்கே? என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது?

இப்படி எழுதினால் நிமிர்ந்து உட்கார்வேன்: "இரும்புச்சத்து குறைந்த தீனி கொடுத்த எலிகளில் ஹெப்சிடின் (உடல் இரும்பை எடுத்துக்கொள்வதைக் கட்டுப்படுத்தும் ஹார்மோன்) குறையும் என்று எதிர்பார்த்தோம். ஒரு கூண்டில் மட்டும் குறையவில்லை. அந்தக் கூண்டில் ஆண் எலிகள் சண்டை போட்டு முதுகெல்லாம் காயம். காயம் அழற்சியைக் கொண்டுவரும், அழற்சி ஹெப்சிடினை ஏற்றும். அந்த எலிகளின் ரத்தத்தில் அழற்சியின்போது ஏறும் புரதமான சீரம் அமைலாய்டு ஏ-யை அளந்தபோது அதுவும் ஏறியிருந்தது." எழுதியவர் கூண்டுக்குள் குனிந்து பார்த்திருக்கிறார் என்று தெரிகிறது. ஒரு முடிவு பிசகியதும் தூக்கிப் போடாமல் ஏன் என்று போயிருக்கிறார். பேப்பரில் பெயர் வந்ததா இல்லையா என்பது எனக்கு இதற்கு அப்புறம்தான்.

நேர்முகத்தில் இதைத்தான் தோண்டுவோம். கன்ட்ரோல் தீனியில் இரும்பைத் தவிர வேறு ஏதாவது வித்தியாசம் இருந்ததா? எந்த எலிக்கு எந்தத் தீனி என்று அளந்தவருக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் "அதை நாங்கள் பார்க்கவில்லை, பார்த்திருக்க வேண்டும்" என்று சொல்லுங்கள். மழுப்பினால் அடுத்த அரைமணி நேரமும் அதிலேயே போகும்.

குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர்கள் கவனிக்க: எம்.எஸ்.டி.பி. பணத்தை உங்களுக்குச் செலவிட விதி இடம் கொடுக்காது. சில கல்லூரிகள் தங்கள் சொந்தப் பணத்தில் வெளிநாட்டவரை எடுக்கின்றன. பட்டியலில் உள்ள ஒவ்வொரு கல்லூரிக்கும் முதலில் மின்னஞ்சல் போட்டுக் கேட்டுவிட்டு விண்ணப்பியுங்கள். இந்தியாவில் எம்.பி.பி.எஸ். முடித்தவர்களுக்கு இந்தத் திட்டம் பொருந்தாது, இதில் இருக்கும் எம்.டி.க்குச் சமமான பட்டம் உங்கள் கையிலேயே இருக்கிறது. நேரே பிஎச்.டி. சேரலாம், அல்லது ரெசிடென்சி (பட்டத்துக்குப் பின் மருத்துவமனையில் பெறும் பயிற்சி) வாங்கி அதற்குள் ஆராய்ச்சிப் பாதை எடுக்கலாம். ஒரு எச்சரிக்கை மட்டும்: எம்.பி.பி.எஸ். முடித்து எத்தனை வருடம் ஆயிற்று என்று பார்த்தே வடிகட்டும் ரெசிடென்சிகள் நிறைய. முதலில் பிஎச்.டி. செய்யப்போகிறீர்கள் என்றால் அந்த வருடங்களிலேயே அமெரிக்க மருத்துவ உரிமத்துக்கான யு.எஸ்.எம்.எல்.இ. தேர்வுகளை எழுதி வைத்துக்கொண்டு, நோயாளிகளைப் பார்க்கும் இடத்தோடு ஏதாவது ஒரு தொடர்பைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கைடைத் தேர்ந்தெடுப்பது

எட்டு வருடத்தில் எடுக்கும் முடிவுகளில் இதற்கு மேல் பெரியது இல்லை. இதைத்தான் பிள்ளைகள் மிகக் குறைந்த தகவலை வைத்து எடுக்கிறார்கள். வகுப்பு தொடங்குவதற்கு முந்தைய கோடையிலும் அடுத்த கோடையிலும் ஆறு முதல் பத்து வாரம் வெவ்வேறு லேப்களில் இருந்து பார்ப்பீர்கள். அந்த வாரங்களில் சோதனை வெற்றியா தோல்வியா என்பதை விட்டுவிடுங்கள். லேபைக் கவனியுங்கள்.

வாராந்திரக் கூட்டத்தில் ஒருவர் உருப்படாத முடிவைக் காட்டும்போது பேராசிரியரின் முதல் வாக்கியம் என்ன என்று காது கொடுங்கள். "ஆன்டிபாடியை மாற்றிப் பார்த்தாயா?" என்றால் நல்லது. அமைதியாக இருந்துவிட்டு "அடுத்து யார்?" என்றால் யோசியுங்கள். பேராசிரியர் இல்லாத நேரத்தில் போஸ்ட்டாக்குகளோடு (பிஎச்.டி. முடித்து லேபில் ஆராய்ச்சி செய்பவர்கள்) சாப்பிடப் போங்கள். அங்கே பல வருடமாக இருக்கும் டெக்னீஷியனிடம் பேசுங்கள். யார் எதற்காக லேபை விட்டுப் போனார்கள் என்பது அவரைத் தவிர யாருக்கும் முழுதாகத் தெரியாது.

பலருக்குத் தெரியாத இரண்டு வழிகள் உண்டு. என்.ஐ.எச். ரிப்போர்ட்டர் என்ற பொதுத் தளத்தில் எந்தப் பேராசிரியர் பெயரைப் போட்டாலும் அவருடைய என்.ஐ.எச். கிராண்டுகள் (ஆராய்ச்சிக்குக் கிடைக்கும் பணம்) எப்போது முடிகின்றன என்று வரும். உங்கள் இரண்டாவது வருடத்தில் எல்லாம் முடிகிறது, புதிதாக ஒன்றும் இல்லை என்றால் நேராகக் கேட்டுவிடுங்கள். இன்னொன்று, திட்ட அலுவலகம். பயிற்சிக்கான பணத்தைப் புதுப்பிக்க ஒவ்வொரு கைடிடமும் யார் படித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று அட்டவணை போட்டு என்.ஐ.எச்.சுக்குக் கொடுக்க வேண்டும். ஆக, அந்தத் தகவல் அவர்களிடம் தயாராக இருக்கும். "இவரிடம் படித்த எம்.டி.-பிஎச்.டி. மாணவர்கள் எத்தனை வருடத்தில் முடித்தார்கள்?" என்று கேளுங்கள். சொல்லத் தயங்கினால் அந்தத் தயக்கமும் ஒரு பதில்தான்.

பெயர் பெற்ற பெரிய லேபா, புதிதாக வந்த உதவிப் பேராசிரியரா? என் சாய்வு இரண்டுக்கும் நடுவில்: பதவி உறுதியான, கையில் ஐந்து வருடப் பணம் இருக்கும், வாரம் ஒரு முறையாவது உங்களோடு உட்காரக்கூடிய ஆள். இருபது போஸ்ட்டாக் இருக்கும் லேபில் உங்களை வளர்ப்பது அந்த போஸ்ட்டாக்குகளாகவே இருக்கும், அவர்களுக்கோ அவர்கள் வேலை தேடும் கவலை. கைடு மருத்துவராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் ஆலோசனைக் குழுவில் இன்னும் நோயாளி பார்க்கும், லேபும் நடத்தும் ஒருவரைக் கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் வார்டுக்குத் திரும்ப வேண்டியவர் என்பதை மற்றவர்கள் மறக்கும்போது ஞாபகப்படுத்த ஒரு ஆள் வேண்டும்.

லேப் வருடங்கள்

உங்களுக்கு ஒரு திரும்பும் தேதி உண்டு. வார்டுச் சுழற்சிகள் தொடங்கும் மாதங்கள் கல்லூரி நாட்காட்டியில் முன்கூட்டியே இருக்கும். அதைத் தவறவிட்டால் அடுத்த வாய்ப்புக்குப் பல மாதம் காத்திருக்க வேண்டும். அந்தத் தேதியிலிருந்து பின்னோக்கி எழுதுங்கள்: ஆய்வேடு சமர்ப்பிக்க, எழுத, கடைசிச் சோதனைகள். கைடு "இன்னும் ஒரே ஒரு சோதனை" என்பார். அவருக்கு அது நியாயமும்கூட, நன்றாகப் பழகிய மாணவரை யார் விடுவார்கள்? அதற்காகத்தான் ஆலோசனைக் குழுவை ஆறு மாதத்துக்கு ஒரு முறை கூட்டி, எது முடிந்தால் பட்டம் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளச் சொல்கிறோம். தேதி நெருங்கும்போது பேச வேண்டியது குழு, நீங்கள் இல்லை.

முதல் வருடத்திலேயே எஃப்.30 என்ற என்.ஐ.எச். ஃபெல்லோஷிப்புக்கு எழுதத் தொடங்குங்கள். கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. ஆறு பக்கத்தில் உங்கள் ஆராய்ச்சித் திட்டத்தைச் சொல்லப் பழகுவது பின்னால் எழுதப்போகும் எல்லா கிராண்டுக்கும் அஸ்திவாரம்.

மாதத்தில் ஒன்றிரண்டு அரை நாளாவது கிளினிக் போங்கள். பல திட்டங்களில் இதற்கு ஏற்பாடு இருக்கிறது, பாதிப் பேர் "சோதனை ஓடுகிறது" என்று நழுவிவிடுகிறார்கள். குழந்தை பெற்றுக்கொள்ள நினைப்பவர்களுக்கும் வார்டு, ரெசிடென்சி காலத்தைவிட இந்த வருடங்கள்தான் சற்று வளைந்துகொடுக்கும். திட்டத்தின் விடுப்பு விதியை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நடுவில் விலகுபவர்களும் இருக்கிறார்கள், தோராயமாகப் பத்தில் ஒருவர். அவர்களில் பெரும்பாலோர் எம்.டி.யை முடித்து நல்ல மருத்துவர்களாகிறார்கள். நான்காவது வருடத்தில் லேபை வெறுக்கும் மாணவரை இழுத்துப் பிடித்து வைப்பதால் யாருக்கும் பயன் இல்லை.

வார்டுக்குத் திரும்புவது

உங்களோடு முதல் வருடம் உட்கார்ந்தவர் இப்போது ரெசிடென்ட், உங்களுக்கு வேலை சொல்வார். அது முதல் வாரம்தான் உறுத்தும். உண்மையான சிக்கல் பேசும் விதத்தில் இருக்கிறது. லேபில் பழகிய மூளை இப்படிப் பேசும்: "ஹீமோகுளோபின் 7.2. இரும்புக் குறைவாக இருக்கலாம், நாள்பட்ட அழற்சியாலும் இருக்கலாம். ஃபெரிட்டின் (உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் புரதம்) இரண்டிலும் மாறும் என்பதால் அதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது." எல்லாம் சரி. காலை ரவுண்ட்ஸில் எட்டு நோயாளி இன்னும் பாக்கி. அங்கே வேண்டியது: "62 வயது ஆண், இரண்டு மாதமாகக் களைப்பு, கருப்பு மலம். ஹீமோகுளோபின் 7.2, எம்.சி.வி. (சிவப்பணுவின் அளவு) 68. குடலில் ரத்தக்கசிவால் வந்த இரும்புக் குறைவு என்று நினைக்கிறேன். இன்று ஃபெரிட்டின் அனுப்புகிறேன், எண்டோஸ்கோப்பிக்குச் சொல்லிவிட்டேன், 7-க்குக் கீழே போனால் ரத்தம் ஏற்றலாம்." ஒரு முடிவு, அதற்கு ஒரு திட்டம். சந்தேகத்தை மனதில் வைத்துக்கொள்ளலாம், வாயில் திட்டம் இருக்க வேண்டும்.

திரும்புவதற்கு இரண்டு மாதம் முன்பே இதைச் சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள். ஒரு ரெசிடென்டைக் காப்பி வாங்கிக் கொடுத்துக் கேட்க வையுங்கள். யு.எஸ்.எம்.எல்.இ.யின் முதல் கட்டமான ஸ்டெப் 1 தேர்வு 2022-லிருந்து பாஸ், ஃபெயில் மட்டும்தான் என்பதால் உங்களைக் கணிக்க ரெசிடென்சிகள் பார்ப்பது வார்டு மதிப்பீடுகளையும் ஸ்டெப் 2-வையும். பிஎச்.டி. இருக்கிறதே என்று அதில் அசட்டையாக இருக்க முடியாது.

ரெசிடென்சி, அப்புறம் முதல் வேலை

உள்மருத்துவம் எடுப்பவர்களுக்கு ஆராய்ச்சிப் பாதை என்று ஒன்று உண்டு. மூன்று வருடத்துக்குப் பதில் இரண்டு வருடம் பொதுப் பயிற்சி, அதன் பின் சிறப்புத் துறை, அதோடு 80 சதவீத நேரம் ஆராய்ச்சி என்று மூன்று வருடம். குழந்தை மருத்துவம், நோய்க்கூறியல் போன்ற துறைகளிலும் இதைப் போல ஏற்பாடுகள் இருக்கின்றன. அறுவை சிகிச்சையில் ஆராய்ச்சியையும் சேர்த்துச் சமன்செய்வது கடினம், கை பழகுவதற்கே நேரம் வேண்டும். முடியாது என்று சொல்லவில்லை, செய்பவர்கள் இருக்கிறார்கள். கண்ணைத் திறந்துகொண்டு போங்கள்.

வேகமாகப் பலன் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். ட்ரூ வைஸ்மன் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் இரட்டைப் பட்டம் வாங்கியது 1987-ல். கட்டலின் கரிகோவோடு எம்.ஆர்.என்.ஏ. பற்றிய முக்கியமான கட்டுரை வந்தது 2005-ல். தடுப்பூசி 2020-ல், நோபல் 2023-ல். சாதாரணமாகப் போகிறவர்களுக்கும் முதல் பெரிய கிராண்டான ஆர்.01 கைக்கு வரும்போது வயது 40-ஐத் தாண்டிவிடுகிறது.

மூன்றாவது தையல் பிரிவது இங்கேதான். பயிற்சிக்கும் ஆர்.01-க்கும் நடுவே உள்ள வருடங்களை நிரப்ப கே.08 என்ற கிராண்ட் இருக்கிறது. அதற்குப் பொதுவாக உங்கள் நேரத்தில் 75 சதவீதம் ஆராய்ச்சிக்கு என்று கல்லூரி உறுதி தர வேண்டும். கே.08 கிடைக்கும்வரை என்ன? அதற்கு முதல் வேலையின் நியமனக் கடிதத்தைப் பாருங்கள். "ஆராய்ச்சிக்கு நேரம் ஒதுக்கப்படும்" என்ற வரி எதற்கும் உதவாது. வாரத்தில் எத்தனை அரை நாள் கிளினிக், வருடத்தில் எத்தனை வாரம் வார்டுப் பொறுப்பு, இந்த எண்கள் எத்தனை வருடத்துக்கு மாறாது, சக மருத்துவர் ஒருவர் வேலையை விட்டுப் போனால் அவருடைய நோயாளிகளை யார் பார்ப்பார்கள்? எல்லாவற்றையும் எண்ணாகவும் பெயராகவும் கேளுங்கள். லேபின் சதுர அடி, தொடக்கப் பணம், அதைச் செலவழிக்கக் கெடு தேதி, டெக்னீஷியன் சம்பளம் எத்தனை வருடம் என்பதும் அதே தாளில் வர வேண்டும். துறைத் தலைவர் நல்ல மனிதராக இருப்பார், வாய்வார்த்தையாக எல்லாம் சொல்வார். துறைத் தலைவர்கள் மாறுவார்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன்பு அந்தக் கடிதத்தை, அதே கல்லூரியில் ஐந்து வருடம் முன்பு சேர்ந்த ஒருவரிடம் காட்டி, அவருக்குச் சொன்னதில் எவ்வளவு கிடைத்தது என்று கேட்டுவிடுங்கள்.